வாடகைச் சித்திரக்கதைகளும் வயதாகிப்போன வாசகர்களும்

சித்திரக்கதைப் புத்தகங்களுக்கென்றே தனியாக ஒரு கடை எங்கள் பிரதேசத்தில் என்றைக்கும் இருந்ததில்லை. நியூயோர்க்கிலும் இலண்டனிலும் இருப்பதைப் போன்ற, சுவர் முழுக்கக் கதாநாயகர்களின் படங்கள் மாட்டிய கடைகளைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதே மிகவும் பிந்தித்தான். கல்முனையிலும் சவளக்கடையிலும் பையன்கள் 'காமிக்ஸ் கடை' என்று சொன்னது உண்மையில் ஒரு சைக்கிள் திருத்தும் கடையின் மூலை, ஒரு தேநீர்க்கடையின் வாசல், அல்லது பத்திரிகை முகவர் ஒருவரின் மேசைக்குப் பின்னால் இருந்த பலகை. அந்த மூலைகள் இன்று இல்லை. அவை ஏன் தோன்றின, ஏன் மறைந்தன, அதனால் யாருக்கு நட்டம் என்பதைப் பற்றி, பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைப் பதிவு செய்ய விரும்புகின்றேன். பலரும் இதனைப் பழைய நினைவுகளை அசைபோடும் விடயமாகவே கருதுகின்றனர். என் பார்வையில் இது, அடுத்த தலைமுறை தமிழில் எதை வாசிக்கப் போகின்றது என்ற கேள்வியோடு தொடர்புடையது.

சவளக்கடையை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சென்றால் வயல்வெளிகளுக்கு நடுவே வருவது எங்கள் ஊர். முஸ்லிம் குடியிருப்புகளும் தமிழ்க் கிராமங்களும் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. மாரி காலத்தில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அந்த நாட்களில் கொழும்பிலிருந்து வரும் பத்திரிகைக் கட்டும் வராது, கல்முனைப் பாடசாலைக்கும் போக முடியாது. மழை வருவதற்கு முன்பே நாலைந்து சித்திரக்கதைகளைத் தேடி வைத்துக்கொள்வது எங்கள் வயதுப் பையன்களின் தற்காப்பு ஏற்பாடாக இருந்தது.

எங்கள் காலத்தில் முதலில் கைக்கு வந்தவை 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும், டைம்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனத்தார் தமிழிலும் வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸும். அம்புலிமாமா முழுமையான சித்திரக்கதை ஏடு அன்று. எனினும் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்த ஓவியமே எங்களை வாசிக்க வைத்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது இந்தியச் சஞ்சிகைகளின் வரவும் சுருங்கிவிட்டது. அதனால் இலங்கைத் தமிழ் எழுத்துக்கு நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற முயற்சிகள் செழித்தது அந்த ஆண்டுகளில்தான். ஆனால் சிறுவர்களின் நிலை வேறு. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. தமிழ்ச் சித்திரக்கதையின் பெருங்காலம் அங்கே தொடங்கியபோது எங்கள் வாசல் பாதி மூடிக் கிடந்தது.

பாதி மூடிய வாசலாலும் புத்தகங்கள் வந்தன. இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் வந்தவர்களின் பெட்டிகளில், சாரங்களுக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் இடையே நாலைந்து முத்து காமிக்ஸ் இருக்கும். அப்படி வந்த ஒரு பிரதி ஊருக்குள் ஐம்பது கைகளுக்கு மாறும். மின்சாரம் உடலில் பாய்ந்ததும் இரும்புக் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும் அந்த மனிதனின் கதையை, மின்சாரமே எட்டிப்பாராத வீடுகளில் குப்பி விளக்கின் வெளிச்சத்தில் வாசித்தோம். அக்கதை 1962இல் பிரித்தானியாவின் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார ஏட்டில் தொடங்கியது என்பதோ, அதனை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் என்பதோ எங்களுக்கு அன்று தெரியாது. மாயாவி தமிழ்தான் பேசினார். ஆகவே அவர் தமிழர்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இந்தியச் சஞ்சிகைகள் மறுபடியும் தாராளமாக வரத் தொடங்கின. அதன் உச்சம் 1984. அவ்வாண்டு ஜூலையில் தினத்தந்திக் குழுமத்தின் ராணி காமிக்ஸும், முத்து காமிக்ஸ் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸும் ஒரே மாதத்தில் வெளிவந்தன. ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட். லயனில் மாடஸ்டி, பின்னர் ஸ்பைடர், ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர். லீ ஃபால்க் படைத்த ஃபாண்டமுக்கு ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்றே பெயர் வைத்தது. முத்துவின் மாயாவியா ராணியின் மாயாவியா உண்மையான மாயாவி என்று எங்கள் தம்பிமார் கைகலப்பு வரை போனதுண்டு. இந்தியாவில் ஒன்றரை ரூபாவுக்கும் இரண்டு ரூபாவுக்கும் விற்ற அந்தப் புத்தகங்கள் கல்முனைக்கு வந்து சேரும்போது ஐந்தாறு ரூபாவாகியிருக்கும். கூலிக்கு வயல் வெட்டிய ஒருவரின் பிள்ளைக்கு அது எட்டாத விலை.

இங்கேதான் தொழில் நுட்பமான ஒரு விடயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நாளிதழ் வியாபாரத்தில் விற்காத பிரதியை முகவர் திருப்பி அனுப்பலாம். அதற்குரிய தொகை அவரது கணக்கில் கழிக்கப்படும். ஆகவே நட்டத்திற்கு அஞ்சாமல் எந்தப் பெட்டிக்கடையும் பத்திரிகையைத் தொங்கவிடும். கடல் கடந்து வந்த சஞ்சிகையை அவ்வாறு சிவகாசிக்குத் திருப்பி அனுப்ப முடியாது. விற்காமல் தேங்கியது கடைக்காரரின் தலையில்தான். ஐந்து ரூபாப் புத்தகத்தை விற்க முடியாத கடைக்காரர் அதனை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஒரு தடவைக்கு ஐம்பது சதம். பத்துப் பன்னிரண்டு பேர் வாசித்ததும் முதல் திரும்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் இலாபம். கல்வித் திணைக்களமோ நூலகச் சபையோ திட்டமிட்டுச் செய்யாத ஒன்றை, நட்டத்துக்குப் பயந்த ஒரு கடைக்காரர் தன்னையறியாமலே செய்துவிட்டார். எங்கள் கிராமங்களின் முதலாவது சிறுவர் நூலகம் அவ்வாறுதான் பிறந்தது.

அந்த நூலகத்துக்கு விதிகளும் இருந்தன. அட்டை கிழியாமல் இருக்கச் சீமெந்துப் பைத் தாளால் உறை போட்டு, சணல் நூலால் தைத்திருப்பார்கள். வடை தின்ற கையோடு புத்தகத்தைத் தொடக்கூடாது. வாங்கிலிருந்து வாசித்தால் இருபத்தைந்து சதம், வீட்டுக்குக் கொண்டுபோனால் ஐம்பது சதம். பெயரும் தேதியும் ஒரு கொப்பியில் எழுதப்படும். பணமில்லாதவன் இரண்டு பழைய புத்தகங்களைக் கொடுத்து ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். "காக்கா, மாயாவி வந்திட்டா?" என்று கேட்டால், "வந்திட்டு மகன், ஆனா வெளிய போயிருக்கு. நாளைக்கு அசருக்குப் பிறகு வா" என்று பதில் வரும். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்களுக்கு வாடகை குறைவு. முடிவு என்னவென்று கடைக்காரரே வாயால் சொல்லிவிடுவார்.

அந்த வாங்கில் அருகருகே உட்கார்ந்திருந்தவர்கள் முஸ்லிம் பையன்களும் தமிழ்ப் பையன்களும். பாடசாலைகள் வேறு வேறு. பண்டிகைகள் வேறு வேறு. புத்தகம் ஒன்றுதான். தமிழ்ப் பையன்கள் முஸ்லிம் கடைக்காரரைக் காக்கா என்பார்கள், நாங்கள் தமிழ்க் கடைக்காரரை அண்ணன் என்போம். 1985 ஏப்ரலிலும் 1990இலும் இப்பிரதேசத்தில் நடந்தவற்றுக்குப் பிறகு கடைத்தெருக்களும் பிரிந்தன, வாங்குகளும் பிரிந்தன. இரு சமூகங்களின் உறவைச் சித்திரக்கதைகள் காத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வாடகைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகவேனும் ஒரு முஸ்லிம் பையன் தமிழ்க் கிராமத்துக்கும், ஒரு தமிழ்ப் பையன் முஸ்லிம் கிராமத்துக்கும் சைக்கிளில் போய்வர வேண்டியிருந்தது. அப்படியான சிறு அலுவல்கள் ஒவ்வொன்றாக அற்றுப்போனபோது இழப்பு பெரிதாயிற்று.

பெரியவர்கள் இந்தக் கடைகளை விரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்து அகப்பட்டவர்கள் எங்களில் பலர். மாடஸ்டியின் அட்டைப் படத்தைப் பத்திரிகைத் தாளால் மூடியே வாடகைக்குக் கொடுப்பார்கள். இந்த அச்சம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1954இல் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் சித்திரக்கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதிமுறையை ஏற்படுத்திக்கொண்டனர். வன்முறைக் காட்சிகளைப் பற்றிய பெற்றோரின் கவலையில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். எனினும் நான் பின்னாளில் பத்திரிகை அலுவலகத்தில் பணிபுரிந்தபோது, கல்முனைப் பக்கமிருந்து வந்து நன்றாக எழுதிய இளைஞர்களிடம் எதை வாசித்து எழுதப் பழகினீர்கள் என்று கேட்டால், தயக்கத்துடன் சொல்லும் முதல் பெயர் பெரும்பாலும் ஒரு சித்திரக்கதையினதாகவே இருந்தது.

வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை. 1982இல் ரூபவாஹினி வந்தது. மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குப் போனவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்தார்கள். புத்தகத்தை வாடகைக்குக் கொடுத்த அதே பலகையில் வீடியோ கசெட்டுகள் ஏறின. வாடகைக் கொப்பியும் அதே கொப்பிதான். பின்னர் அங்கே சீடீக்கள் வந்தன, பிறகு அது தொலைபேசி 'கொமியூனிகேஷன்' ஆனது, இன்று ரீலோட் செய்யும் இடமாக இருக்கின்றது. கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. சில்லறைக் காசு எங்கே போனதோ அங்கே அவர்களும் போனார்கள். போர்க்காலத்தில் பாதைகள் அடைபட்டன. கட்டுகள் ஒழுங்காக வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மனித உயிர்களே ஆயிரக்கணக்கில் போயின. கரையோர வீடுகளின் பெட்டிகளில் இருந்த பழைய புத்தகங்களைப் பற்றி யார் கவலைப்பட்டிருக்க முடியும்? அடுத்த ஆண்டு, 2005இல், ராணி காமிக்ஸ் நின்றுபோனது. இந்திரஜால் 1990இலேயே நின்றுவிட்டது.

நிற்க. தமிழ்ச் சித்திரக்கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் நூறு ரூபா விலையில் ஒரு சிறப்பிதழோடு புத்துயிர் பெற்றது. அதன் பிறகு வழவழப்பான தாளில், முழு வண்ணத்தில், ஐரோப்பாவின் சிறந்த படைப்புகள் தமிழில் வரலாயின. லக்கி லுக்கும் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் நாங்கள் பார்த்தேயிராத அழகோடு அச்சாகின்றனர். இந்தப் பணியில் ஈடுபட்டிருப்பவர்களின் விடாமுயற்சியைப் பாராட்டாதிருக்க முடியாது. சந்தா கட்டினால் புத்தகம் தபாலில் வருகின்றது. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் நேரில் வாங்கலாம். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலானோர் நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்கள். நூற்றுக்கணக்கான ரூபா கொடுத்து வாங்கி, பொலித்தீன் உறையிலிட்டுப் பாதுகாக்கின்றார்கள். பிள்ளைகள் தொட்டால் சினக்கின்றார்கள்.

அமெரிக்காவில் இதே மாற்றம் முன்னரே நிகழ்ந்தது. ஒரு காலத்தில் அங்கே மருந்துக்கடைகளிலும் பத்திரிகைத் தட்டுகளிலும் சில்லறைக்கு விற்ற புத்தகங்களை, 1973 முதல் ஃபில் சூலிங் என்பவர் தொடக்கிவைத்த நேரடி விநியோக முறையின் கீழ் சிறப்புக் கடைகள் வாங்கத் தொடங்கின. கூடுதல் கழிவு கிடைக்கும். ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது. இதனால் சித்திரக்கதைக்கென்று தனிக்கடைகள் பெருகின. மறுபுறம், மருந்துக்கடைக்குத் தாயோடு வந்த பிள்ளை தற்செயலாக ஒரு சித்திரக்கதையைக் காணும் வாய்ப்புக் குறைந்தது. அந்த விநியோகத்தின் பெரும்பகுதியை நீண்டகாலம் தன் கையில் வைத்திருந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

ஜப்பானின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. போருக்குப் பிந்திய வறுமைக் காலத்தில் அங்கே 'கஷிஹொன்' என்ற வாடகைப் புத்தகக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. வாடகைக்கென்றே மலிவுத் தாளில் சித்திரக்கதைகள் தயாரிக்கப்பட்டன. பின்னாளில் புகழ்பெற்ற மிசுகி ஷிகெரு போன்ற ஓவியர்கள் அந்தக் கடைகளுக்காக வரைந்து வளர்ந்தவர்கள். 1959இன் பின்னர் மலிவான சிறுவர் வார ஏடுகள் வந்து வாடகைக் கடைகளை மூடச் செய்தன. கவனியுங்கள், அங்கே கடை மூடப்பட்டபோது சிறுவனின் கையில் அதைவிட இலகுவாகக் கிடைக்கும் ஓர் ஏடு வந்து சேர்ந்திருந்தது. எங்கள் கடை மூடப்பட்டபோது அவன் கையில் வந்து சேர்ந்தது வாசிப்புச் சாதனமன்று.

கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கின்றதே, பழைய இதழ்களைப் படியெடுத்து இணையத்திலும் போட்டிருக்கின்றார்களே என்று சிலர் கேட்பார்கள். உரிமையாளரின் அனுமதியின்றி அவ்வாறு செய்வது, ஏற்கெனவே மெலிந்திருக்கும் பதிப்பாளரின் வயிற்றில் அடிப்பதாகும் என்பது ஒருபுறம். மறுபுறம், அந்தப் பிரதிகளைத் தேடிப் போகின்றவர்களும் எங்கள் வயதினரே. பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? பத்து வயதுப் பிள்ளைக்கு மாயாவி என்றொருவர் இருந்தார் என்பதே தெரியாது. கடை என்பது தேடாமலே கண்ணில் படச் செய்யும் இடம். கயிற்றில் மரக்கிளிப்பு மாட்டித் தொங்கிய அட்டை, கருவாடு வாங்கப் போன பிள்ளையைக் கூப்பிட்டது. தொலைபேசித் திரை அவனுக்குக் காட்டுவது அவன் முன்னர் பார்த்ததைப் போன்ற இன்னொரு காணொளியை.

இலங்கைக்கு மட்டும் உரிய இடையூறும் ஒன்று உண்டு. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. அவ்வாண்டு மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்டில் இந்தியாவில் முந்நூறு ரூபா விலையுள்ள ஒரு வண்ணப் புத்தகம், செலாவணி மாற்றமும் தபாற் செலவும் சேர்ந்து ஆயிரத்தைக் கடந்துவிடுகின்றது. வயல் கூலியாளின் பிள்ளைக்கு 1984இல் ஐந்து ரூபா எவ்வாறு எட்டாத விலையோ அவ்வாறே இன்று இது எட்டாத விலை. ஒரேயொரு வித்தியாசம், அன்று ஐம்பது சதத்துக்கு ஒரு மாற்று வழி இருந்தது.

எங்களுக்கென்று சொந்தச் சித்திரக்கதைகளை நாங்கள் வளர்த்தெடுக்கவில்லை என்பதும் உண்மை. 1960களில் சிவஞானசுந்தரம் தொடங்கிய 'சிரித்திரன்' கேலிச்சித்திரத்தில் எவ்வளவு உயரம் சென்றது என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அவரது சவாரித் தம்பர் எங்கள் மண்ணின் மனிதர். சிங்களத்தில் கமிலஸ் பெரேராவின் கஜமன் தலைமுறைகளைக் கடந்து நின்றது. தொடர் சித்திரக்கதைகளுக்கென்றே சிங்கள வார ஏடுகள் வந்து பெருந்தொகையாக விற்றன. அதற்கு இணையான ஏடு ஒன்று இலங்கைத் தமிழில் நிலைபெறவில்லை. மருதமுனை நெசவாளியையும் நாவிதன்வெளி விவசாயியையும் கதாநாயகனாகக் கொண்ட ஒரு சித்திரக்கதையை எங்கள் பிள்ளைகள் இன்னமும் வாசிக்கவில்லை.

என்ன செய்யலாம்? பழைய கடைகளை மீண்டும் திறக்க முடியாது. அவை செய்த வேலையை மீண்டும் செய்ய முடியும். எங்கள் பிரதேச சபை நூலகங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் சித்திரக்கதைகளுக்கென ஒரு தட்டு ஒதுக்கப்பட வேண்டும். நான் போய்ப் பார்த்த நூலகங்களில் பரீட்சை வழிகாட்டிகள் இருந்த அளவுக்குச் சிறுவர் கையில் எடுக்கக்கூடிய எதுவும் இருக்கவில்லை. சித்திரக்கதை தரம் குறைந்தது என்ற எண்ணத்தை நூலகர்களும் அதிபர்களும் கைவிட வேண்டும். எதை வைப்பது, எதைத் தவிர்ப்பது என்று தெரிவு செய்வது அவர்களின் பொறுப்பு. மொத்தமாகவே ஒதுக்கிவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

சிவகாசிப் பதிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். சேகரிப்பாளருக்கான வண்ணப் பதிப்பை வெளியிடுங்கள். அதுதான் உங்களை உயிரோடு வைத்திருக்கின்றது. அதே கதையைக் கறுப்பு வெள்ளையில், மலிவுத் தாளில், நூலகங்களுக்கும் வாடகைக்கும் என்று குறைந்த விலையிலும் தாருங்கள். டொரொன்டோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கும் வாசகர்கள் ஊருக்கு வரும்போது சொக்லேட்டோடு நான்கு சித்திரக்கதைகளையும் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். கப்பற் பயணிகளின் பெட்டிகள் ஒரு தலைமுறையை வாசிக்க வைத்தன. விமானப் பயணிகளின் பெட்டிகளாலும் அது முடியும்.

என் வீட்டு அலுமாரியிலும் அவ்வாறான புத்தகங்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. சீமெந்துத் தாள் உறை போட்டவையும் உண்டு, பொலித்தீன் உறையில் இருப்பவையும் உண்டு. அவற்றில் கிழியக்கூடாத இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை ஊரிலுள்ள பாடசாலை ஒன்றுக்குக் கொடுப்பதென்று தீர்மானித்து, அதிபரிடமும் பேசிவிட்டேன். ஒரு கொப்பி போடுங்கள், பெயரும் தேதியும் எழுதுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள் என்பதே நான் விதித்த நிபந்தனை. கிழிந்தால் கிழியட்டும். இதனை வாசிக்கும் என் வயதினரும் தத்தம் அலுமாரிகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.